பஸ்ஸே, கம்பம் போச்சே!

தேனி பஸ் ஸ்டாண்ட். மதியம் ரெண்டு மணி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்த வெயில், வேறு இடமே கிடைக்காத மாதிரி என் வழுக்கையில் உட்கார்ந்திருந்தது. "சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி... ஏறு, ஏறு, ஏறு!" என்று ஒரு பள்ளத்தாக்கையே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் கண்டக்டர். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்... பஸ்ஸைக் காணோம்.

பின்னாலிருந்து ஒரு குரல்:

"சார்... பஸ்ஸே, கம்பம் போச்சே!"

திரும்பினேன். நாற்பதை நெருங்குகிற ஆள். மீசை, லேசான தொப்பை, தோளில் பை.

"என்னையத் தெரியுதா சார்? ரெண்டாயிரத்து நாலு, ப்ளஸ் ஒன். கடைசி பெஞ்ச்."

தெரியாமல் என்ன! அந்த வாக்கியத்தை ரெண்டு அர்த்தத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இருபத்துநாலு பேர்தான். இருபத்துமூன்று பேர் என் மாணவர்கள். இருபத்துநாலாவது ஆள் நான்.

அடுத்த பஸ் வருவதற்குள் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் ஆட்சியைக் கொடுத்தார்கள். 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் கைமாறியது. போகும்போது தெருப் பலகைகளையும் பாஷையையும் மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மிச்சத்தில் பிழைக்கிற ஜாதி நான். பிரெஞ்சு வாத்தியார்!

2003-ல் என் மனைவிக்கு பேங்க்கில் டிரான்ஸ்பர் வந்தது. எங்கே? தேனிக்கு. "அங்க வாழை விளையும், நெல்லு விளையும், திராட்சை விளையும். பிரெஞ்சு விளையுமா?" என்று மாமனார் கேட்டார். கேள்வியில் கேலி இருந்தாலும் நியாயமும் இருந்தது.

ஆனால் விளைந்தது! உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. பேர் வேண்டாமே. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் பிரெஞ்சு எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எதற்கு பிரெஞ்சு? பாரீசுக்குப் போகவா? அதெல்லாம் இல்லை. அப்போது ப்ளஸ் டூவில் மொழிப்பாடத்துக்கு 200 மார்க். தமிழ் எடுத்தால் செய்யுள் நெட்டுருப் போட வேண்டும், இலக்கணம் படிக்க வேண்டும், அப்படியும் மார்க் கையைக் கடிக்கும். பிரெஞ்சு எடுத்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவிலேயே கேள்வி. 190 சர்வ சாதாரணம். இன்ஜினீயரிங், டாக்டர் படிப்புக்கான கட்-ஆஃபில் மொழி மார்க் சேராது; ஆனால் மொழிப்பாடத்தில் மிச்சமாகிற நேரம் பிசிக்ஸில் சேருமே! பெற்றோர் போட்ட கணக்கு அது. தமிழ்நாடு தமிழ் கற்கும் சட்டம் 2006-ல்தான் வந்தது. அதுவும் முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரைக்கும் ஏறிய சட்டம்.

ஆக, தமிழிலிருந்து தப்பித்து வந்த இருபத்துமூன்று அகதிகள். அவர்களுக்குப் புகலிடம் கொடுக்க, அகதி பாஷை தெரிந்த நான்.

'வணக்கம்', 'நன்றி', 'என் பெயர்' வரை வண்டி நன்றாக ஓடியது. இறந்தகாலம் வந்தது. வண்டி நின்றது.

பிரெஞ்சில் சாதாரணமாகப் பேசுகிற இறந்தகாலத்துக்கு 'பாஸே கோம்போஸே' என்று பெயர். கூட்டு இறந்தகாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் எழுதிவிட்டு, "எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து வந்தது அந்த அமர வாக்கியம்:

"பஸ்ஸே, கம்பம் போச்சே!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை பாதியில் நின்றது. 'போச்சே'... அடடா, அதுவும் இறந்தகாலம்தானே! நான் ஒரு வாரமாக இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்ல முடியாததை இந்தப் பயல் ஒரே எட்டில் தமிழில் பிடித்துவிட்டானே!

அன்றிலிருந்து இங்கிலீஷை ஓரம் கட்டினேன்.

"சார், பஸ்ஸு வந்துருச்சு." மீசைக்காரர் எனக்கும் சேர்த்து ஜன்னலோர சீட் பிடித்தார்.

தேனியை விட்டால் வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மன் கோயிலுக்கு ஜனம் கொட்டும்; மற்ற நாளில் முல்லையாறு மட்டும் அமைதியாக ஓடும். அதைத் தாண்டினால் ரெண்டு பக்கமும் பச்சை. நெல், வாழை, தென்னை, மறுபடி நெல். பெரியாற்று அணை 1895-ல் கட்டி முடிந்ததிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற நிலம் மட்டும் 14,707 ஏக்கர். கட்டிய இன்ஜினீயர் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். பொங்கலன்று பானை வைத்து அவருக்கும் படைப்பார்கள்.

"தண்ணி வந்தது" என்றால் ஒரு நாள் சமாசாரம். "தண்ணி வந்திருக்கு" என்றால்? வந்தது, இன்னும் இருக்கிறது. நம் ஊரில் குழந்தைகூட வித்தியாசம் பார்த்துப் பேசும். பாஸே கோம்போஸேயின் பாதி ரகசியம் இதில்தான் இருக்கிறது.

'ழெ சுயி வெனு' என்பான் பிரெஞ்சுக்காரன். 'நான் வந்திருக்கிறேன்' என்று அர்த்தம். (இந்த 'ழ' நம் ழ இல்லை. கிட்டத்தட்ட. இருந்தாலும் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிற பள்ளத்தாக்கில் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை!) பிரித்துப் பாருங்கள். 'வெனு' என்றால் வந்து. 'சுயி' என்றால் இருக்கிறேன். வந்து, இருக்கிறேன். வரிசை மட்டும் முன்பின்!

"அப்ப பிரெஞ்சுக்காரன் நம்மகிட்டதான் காப்பி அடிச்சானா சார்?"

"அவன் அடிக்கலை. நீங்க அடிங்க, அது போதும்."

பெண் வந்தால் எழுத்தில் ஒரு 'ஈ' கூடும், சத்தம் மாறாது. 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையிலேயே ஆண், பெண் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இங்கிலீஷ் வழியாகப் போனால்தான் விழிப்பார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். பிரெஞ்சில் துணைவினை ரெண்டு. ஒன்று 'எத்ர்', அதாவது இரு. இன்னொன்று 'அவ்வார்', அதாவது கைவசம் வைத்திரு. 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ழே மாஞ்சே'. பச்சையாகத் தமிழாக்கினால் 'சாப்பிட்டதை வச்சிருக்கேன்'.

"வயித்துலயா சார்?"

பிரெஞ்சு வினைகளில் முக்கால்வாசிக்கு மேல் 'வச்சிருக்கேன்' கட்சி. 'இருக்கேன்' கட்சியில் சுமார் பதினாறு, பதினேழு வினைதான். இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் செய்விக்க 'டாக்டர் அண்ட் மிஸஸ் வாண்டர்ட்ராம்ப்' என்று இல்லாத தம்பதிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஒரு வினை. பிரெஞ்சுப் பாடப் புத்தகத்திலோ ஒரு வீடு வரைந்து, படியில் ஏறுகிறவன், இறங்குகிறவன், விழுகிறவன் என்று ஆள் ஆளாக நிறுத்தியிருப்பார்கள்.

எனக்கு வாண்டர்ட்ராம்ப் தம்பதியைத் தெரியாது; கம்பம் பஸ்ஸைத் தெரியும். போர்டில் பஸ் வரைந்தேன். போனான், வந்தான், ஏறினான், இறங்கினான், கிளம்பினான், சேர்ந்தான், உள்ளே நுழைந்தான், வெளியே வந்தான், விழுந்தான், திரும்பினான். எல்லாம் கம்பம் பஸ்ஸில் தினம் நடக்கிறதுதானே! பிறந்தான்? கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அத்தனையும் 'எத்ர்'. வகுப்பு கற்பூரமாகப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் பஸ் சின்னமனூரில் நின்றது. ஒருவர் பெட்டி பெட்டியாகத் திராட்சையை ஏற்றினார். மீசைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பாடமும் இந்தப் பெட்டியில்தான் நடந்தது!

"சார், நான் பஸ்ல ஏறுனா எத்ர். திராட்சைப் பெட்டிய பஸ்ல ஏத்துனா?" என்று அன்றைக்கு ஒருத்தன் கேட்டான். புத்தகம் அந்த விதிவிலக்கைப் பத்துப் பக்கம் தள்ளி வைத்திருந்தது. ஏறினால் 'ழெ சுயி மோந்தே'. பெட்டியை ஏற்றினால் 'ழே மோந்தே'. அதாவது 'அவ்வார்'. வினை ஒன்றுதான், தானே செய்தால் இரு, இன்னொன்றைச் செய்தால் வைத்திரு. தமிழில் ஏறு-ஏற்று, இறங்கு-இறக்கு. தன்வினை, பிறவினை! தமிழ் வினையை மாற்றுகிறது. பிரெஞ்சு துணையை மாற்றுகிறது. தமிழ் இலக்கணம் வேண்டாம் என்று ஓடி வந்த பயல்களுக்குத் தன்வினையும் பிறவினையும் பிரெஞ்சு வகுப்பில் வந்து சேர்ந்தன.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பத்துப் பன்னீர் திராட்சையை வருஷம் பூராவும் அறுக்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்று சீமைப் பெயர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இதைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். மாமனாருக்குச் சொன்னேன்: "இங்க பிரெஞ்சு எனக்கு முன்னாடியே விளைஞ்சிருக்கு!"

சந்தோஷமாகத்தான் போனது. 'இறந்தான்' வருகிற வரைக்கும்.

'எத்ர்' கட்சியில் பிறப்புக்குப் பக்கத்திலேயே இறப்பும் உண்டு. 'இல் எ மோர்'. அவர் இறந்தார். எழுத்தில் கடைசி எழுத்து வேறு, வாயில் சாட்சாத் மோர்தான். கேட்க வேண்டுமா!

"மோர் குடிச்சாச் செத்துருவாங்களா சார்?"

"அப்ப தயிருக்கு என்ன சார்?"

நானும் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்ச் ஜன்னலோரத்தில் ஒரு பெண் சிரிக்கவில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பெண். நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை. ரெண்டும் வேறு வேறு வினை.

அந்த வாரம் ஒரு கட்டுரை கொடுத்தேன். 'விடுமுறை நாளில் வீட்டில் என்ன நடந்தது?' எல்லாம் இறந்தகாலத்தில். திருத்த உட்கார்ந்தால், இருபத்திரண்டு பேர் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்! மணலில் விளையாடி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மாலையில் திரும்பியிருந்தார்கள். கம்பத்தில் கடல் எந்தப் பக்கம்? "கைடுல அப்படித்தான் சார் இருக்கு. பக்கத்துல சுருளி அருவிக்குப் போனோம்னு எழுதுனா மார்க்கு குறைஞ்சுரும்ல?" என்றார்கள். மார்க்குக்காகப் படித்த பாஷையில் உண்மைக்கு இடம் ஏது!

உண்மையை எழுதியது ஒரே ஒரு தாள். அந்தப் பெண். 'என் அப்பா காலையில் நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். ஜீப்பில் மலைக்குப் போகிறார். ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். இருட்டினதும் வருகிறார். அவர் சட்டையில் ஏலக்காய் வாசனை அடிக்கிறது.' அழகான அஞ்சு வாக்கியம். அத்தனையும் நிகழ்காலம்! கேட்டது இறந்தகாலம் ஆயிற்றே? அஞ்சு வினையையும் சிவப்பு மையில் சுழித்து, 20-க்கு 6 போட்டு, 'கேள்வியைப் படி' என்று ஓரத்தில் எழுதினேன்.

தாளை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கடைசி பெஞ்ச் (அதான், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இதே மீசை) தயங்கித் தயங்கி வந்தான். "சார்... அவ அப்பா செத்துப்போயி எட்டு மாசமாச்சு சார். அதான் அப்பிடி எழுதிருக்கா."

தேனி போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு விதி தெரியாமல் இல்லை. விதிப்படி எழுதினால் அப்பா இறந்தகாலத்துக்குப் போய்விடுவார். தமிழில் அந்தக் காலத்துக்குப் பெயரே 'இறந்த' காலம்! அவள் அவரை அங்கே அனுப்பத் தயாராக இல்லை. நானோ அஞ்சு தடவை சுழித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் மோர் ஜோக் வேறு.

மன்னிப்புக் கேட்கலாம். வகுப்பில் கேட்டால் அவள் அழுவாள். தனியாகக் கூப்பிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள். ராத்திரி பூரா யோசித்தேன். ஒரு வாத்தியாருக்குக் கடைசியில் கையில் இருப்பது பாடம் ஒன்றுதான்.

அடுத்த வகுப்பில், அட்டவணைப்படி ஒரு மாதம் கழித்து வர வேண்டிய பாடத்தை எடுத்தேன். போர்டில் ஒரு தமிழ் வாக்கியம்: 'எங்க தாத்தா வெள்ளன எந்திரிப்பாரு. ஆத்துல குளிப்பாரு. நடந்தே சந்தைக்குப் போவாரு.'

"இது என்ன காலம்?"

"எதிர்காலம் சார்!"

"என் தாத்தா இப்ப இருக்காரா?"

"...இல்லீங்க சார்."

"அப்ப எப்படி எதிர்காலம்?"

சத்தமே இல்லை. முதல் தடவையாகக் கடைசி பெஞ்சும் யோசித்தது.

"இல்லாத தாத்தாவைப் பத்திப் பேசறப்ப நாம எழுந்தாரு, குளிச்சாருன்னு சொல்றதில்லை. எந்திரிப்பாரு, குளிப்பாருன்னுதான் சொல்றோம். ஒரு தடவை நடந்து முடிஞ்சதுன்னா எழுந்தாரு. தினம் தினம் நடந்துக்கிட்டே இருந்ததுன்னா அதுக்கு முடிவு சொல்ல மாட்டோம். பிரெஞ்சுலயும் அதுக்குத் தனிக் காலம் இருக்கு. பேரு அம்பர்ஃபே. முடியாததுன்னு அர்த்தம்."

எப்படி அமைப்பது? நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்கு வருகிற வடிவத்தை எடு. வாலை நறுக்கு. புது வால் ஒட்டு. வேலை செய்கிறார் என்பதற்கு 'இல் த்ரவாய்'; வேலை செய்வார் (அப்போது) என்பதற்கு 'இல் த்ரவையே'. "அதாவது, நிகழ்காலத்துல எழுதினவங்க யாராவது இருந்தா, முக்கால்வாசி சரியாத்தான் எழுதியிருக்கீங்க. வேர் அங்கதான் இருக்கு. வால் மட்டும் மாத்தணும்," என்றேன். ஜன்னல் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

ரெண்டு நாள் கழித்து அவளே அந்தத் தாளைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தாள். எழுந்திருப்பார். போவார். வேலை செய்வார். வருவார். வாசனை அடிக்கும். அஞ்சும் அம்பர்ஃபே. ஆறாவது வாக்கியத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"சார், இது ஒரு நாள்தான நடந்துச்சு. இதுக்கு அந்த... மோர்தான் போடணுமா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு.

"வேணாம்மா. நம்ம ஊர்ல என்ன சொல்வோம்?"

"போயிட்டாருன்னு சொல்லுவோம் சார்."

"அவங்களும் அப்படிச் சொல்றது உண்டு. இல் எ பர்த்தி. கிளம்பிப் போயிட்டார். அதுவும் எத்ர்தான். கம்பம் பஸ்ல இருக்கு பாரு."

எழுதினாள். 20-க்கு 18 போட்டேன். ரெண்டு இடத்தில் எழுத்துக்கு மேல் கோடு விட்டிருந்தாள், அதற்கு ரெண்டு. வாத்தியார் புத்தி எங்கே போகும்!

ப்ளஸ் டூ பரீட்சையில் இருபத்துமூன்று பேரும் பெற்றோர் எதிர்பார்த்த மார்க்கை வாங்கினார்கள். 2006-ல் எங்களுக்கு மறுபடி டிரான்ஸ்பர். அன்றைக்கு மதுரையிலிருந்து தேனிக்கு வந்த மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 2022 மே மாதம் அகலப் பாதையில் மறுபடி வந்தது. அதில்தான் இந்தத் தடவை வந்தேன். கம்பத்தில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம்.

"பிரெஞ்சு ஞாபகம் இருக்காப்பா?"

"எங்க சார்! 192 வாங்குனேன். இப்ப அந்த ஒரே வாக்கியந்தான் இருக்கு. ஆனா ஏறு-ஏத்து, இறங்கு-இறக்கு பூராம் என் மகளுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். தமிழ்ப் பரீட்சைக்கு!"

கூடலூர்ப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். நர்சாக இருக்கிறாளாம். "நல்லா இருக்கா சார்" என்று சொல்லிவிட்டு உத்தமபாளையத்தில் இறங்கிக்கொண்டார். எத்ர்!

மறுநாள் விடியற்காலை. கிரகப்பிரவேச வீட்டில் புகை தாங்காமல் கம்பமெட்டு ரோட்டுக்கு நடந்தேன். இருட்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஆணும் பெண்ணுமாக ஏறினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டம். சாயங்காலம் திரும்புவார்கள்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பாட்டி. வெறுமனே ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததும், யாரோடோ விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரிச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு இந்தக் கடையிலதான் தம்பி டீ குடிப்பாரு. சக்கரை தூக்கலா. குடிச்சுட்டு அந்த மொத ஜீப்புல ஏறுவாரு."

இப்போதும் குடிக்கிறாரா, இல்லை அந்தக் காலத்தில் குடிப்பாரா? ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

கேட்கவில்லை. முதல் ஜீப் கிளம்பிப் போகிற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.